துறை மாறும் தீர்ப்புகள்

துறை என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. கலம் வந்தடையும் இடமும் துறை. கற்போர் பயிலும் அறிவுப் பகுதியும் துறை. கொற்கைத்துறை, தூத்துக்குடித்துறை என்னுமிடத்து முன்னதையும், சட்டத்துறை, கலைத்துறை என்னுமிடத்துப் பின்னதையும் கொள்கின்றோம். ஒரு துறையிற் சரக்கேற்றிய தோணி மற்றொரு துறையிற் சென்று அதனை இறக்குதல் போல, சட்டத்தின் ஒரு துறையிற் பிறந்த தீர்ப்பு மற்றொரு துறையிற் சென்று பயன்படுதலும் உண்டு. களவு வழக்கிற் பிறந்த மொழி நாட்டெல்லை வழக்கிலும், நச்சுக்காற்று வழக்கிற் பிறந்த மொழி செம்பாலை வழக்கிலும் வந்து நிற்கின்றன. இப்பயணம் நன்மை பயப்பதோ, தீமை பயப்பதோ, அதனை விழித்திருந்து நோக்கற்குரியார் யாவர் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். எடுத்துக்காட்டு வேண்டி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. முத்தும் சங்கும் விளையும் இக்கடற்கரையே போதிய சான்று தரும்.

தீர்ப்பு ஏன் துறை மாறுகின்றது என்பதை முதற்கண் தெளிதல் நலம். நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்க்குங்கால் இரண்டு செயல்களைச் செய்கின்றது. வாதி வென்றான் அல்லது தோற்றான் என்று முடிவு கூறுவது ஒன்று. அம்முடிபுக்கு ஏதுவாகிய நெறியை எடுத்துரைப்பது மற்றொன்று. முன்னது அவ்விருவரோடு ஒழியும்; பின்னது ஒழியாது. நம் அரசியற் சட்டத்தின் 141ஆம் உறுப்பின்படி உச்சநீதிமன்றம் வகுத்த நெறி இந்நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அந்நெறி நிலவழக்கிற் பிறந்ததோ, களவு வழக்கிற் பிறந்ததோ என்று பின்வருவார் பெரிதும் பார்ப்பதில்லை. தமக்கு வேண்டியவிடத்து எடுத்தாள்வர். மேற்கோள் காட்டுதல் தமிழ் உரையாசிரியர்க்கும் கைவந்த வழக்கே. ஆயினும் இடம் நோக்காது காட்டிய மேற்கோள் பொருளைத் திரித்துவிடும் என்பதை இலக்கணம் பயின்றார் நன்கறிவர்.

இனி, இக்கரையில் எழுந்த வழக்குகளுள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கது சங்குத் திருட்டு வழக்கு ஒன்றாகும். பாக்கு விரிகுடாவில் இராமநாதபுரம் சேதுபதிகளுக்குச் சங்கு எடுக்கும் உரிமை நெடுங்காலமாக இருந்துவந்தது. அவ்வுரிமையை அவர்கள் குத்தகைக்கு விடுவதும் வழக்கம். குத்தகை பெற்றவரின் இசைவின்றிச் சிலர் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தனர். அவர்மேல் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்னும் பெயரால் அது சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. 1904ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் அதன் தீர்ப்பு வெளியாயிற்று.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சிறு வழக்கு. சில சங்குகள், சில குளியாட்கள். ஆனால் அச்சிறு வழக்கினுள் மூன்று பெரிய வினாக்கள் ஒளிந்திருந்தன. பிறனுடைய கைவசமுள்ள பொருளை எடுத்தாலன்றித் திருட்டில்லை என்பது தண்டனைச் சட்டம். கடலடியில் உயிரோடு ஊர்ந்து திரியும் சங்கு எவன் கைவசம் உள்ளது? வானிற் பறக்கும் புள்ளும் காட்டில் ஓடும் மானும் போல அதுவும் பிடித்தவனுக்கே உரியதன்றோ? அன்றியும், கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாலுள்ள கடல் எந்நாட்டுக்கும் உரித்தன்று என்பது அந்நாளிற் பெருவழக்காயிருந்த கொள்கை. அவ்வாறாயின் அங்கு நிகழ்ந்த செயலை இந்நாட்டு நீதிமன்றம் விசாரித்தல் எங்ஙனம்?

நீதிமன்றம் கூறிய விடை குறிப்பிடத்தக்கது. சங்கு விரைந்தோடும் மீனைப் போன்றதன்று. குறித்த படுகைகளில் தங்கி வாழ்வது. ஆகலின் அப்படுகைக்கு உரியவன் கைவசமே அதுவும் உள்ளதெனக் கொள்ளலாம் என்பது ஒன்று. பாக்கு விரிகுடா திறந்த பெருங்கடலன்று. ஏறக்குறைய முழுதும் நிலத்தாற் சூழப்பட்டு, இருகரையாராலும் பல நூற்றாண்டுகளாக ஆளப்பட்டுவந்த உள்நீர் ஆகும் என்பது மற்றொன்று. எனவே உரிமையாளர் இசைவின்றிச் சங்கு எடுத்தல் திருட்டாகும் என்று முடிந்தது.

இத்தீர்ப்பு அதன்பின் சென்ற வழியைப் பாருங்கள். களவு வழக்கிற் பிறந்த அது முதலிற் சொத்துச் சட்டத்துட் புகுந்தது. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் இராமநாதபுரம் சமீன் அரசாங்கத்தின்பாற் பட்டபொழுது, சங்குக் குத்தகையின் நிலை யாது என்னும் வினா எழுந்து, 1950களில் உயர்நீதிமன்றத்தை அடைந்தது. கடலடி நிலம் யாருடையது என்று ஆங்கு வாதம் நிகழ்ந்தபோது பழைய சங்கு வழக்கே மீண்டும் எடுத்து ஆராயப்பட்டது. பின்னர் அது பன்னாட்டுச் சட்டத்துட் புகுந்தது. நெடுங்கால ஆட்சியால் ஒரு நாட்டுக்கு உரியவாகிய குடாக்கள் எவையெவை என்று சட்டநூலோர் எழுதுமிடத்துப் பாக்கு விரிகுடாவுக்குச் சான்றாக இத்தீர்ப்பைக் காட்டுதல் மரபாயிற்று. 1974ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் அவ்விரிகுடாவில் எல்லை வகுத்துக்கொண்ட உடன்படிக்கையின் பெயரிலேயே வரலாற்று நீர்ப்பரப்பு என்னும் தொடர் இடம்பெற்றிருக்கின்றது. குடா முழுதும் இருநாட்டுக்குமே உரியது, பிறர்க்கு ஆங்கு உரிமையில்லை என்னும் கொள்கைக்கு, சங்கெடுத்த ஏழைக் குளியாட்களின் வழக்கு ஒரு தூணாயிற்று.

யாம் ஈண்டு நிறுத்திச் சிந்திக்க விரும்புவது இதனையே. அத்தீர்ப்பு நாட்டுக்கு ஆதாயம், குளியாளுக்கு இழப்பு. ஒரே நெறி ஒரு துறையிற் கேடயமாகவும் மற்றொரு துறையில் வாளாகவும் நின்றது. பன்னாட்டுச் சட்ட அறிஞர் அதனைப் போற்றி எழுதுங்கால் அக்குளியாளை நினைப்பதில்லை. கடலடிச் சங்கு ஏன் சேதுபதிக்கு உரியதாயிற்று, தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்தவனுக்கு அதில் ஏதும் உரிமை உண்டா என்னும் வினா, எல்லை வகுக்கும் மேசையிற் கேட்கப்படவேயில்லை. கேட்கப்படாதது அவ்வறிஞர் குற்றமன்று. அவ்வினா முன்னைய தீர்ப்பிலேயே மூடப்பட்டுவிட்டது. தீர்ப்பு துறை மாறும்போது அது திறந்த வினாக்களோடு மட்டும் செல்வதில்லை. மூடிய கதவுகளையும் உடன் சுமந்து செல்கின்றது.

மற்றொரு பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. வங்காள எல்லையிலுள்ள பெருபாரி என்னும் பகுதியைப் பாகிசுத்தானுக்குப் பகிர்ந்தளிப்பது பற்றி 1960இல் உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுக்க வேண்டின் அரசியற் சட்டத்தைத் திருத்தியே கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். வயலும் வாய்க்காலும் நிறைந்த வங்க நிலம் பற்றிய அக்கருத்து, ஊற்றுநீரும் நிலைத்த குடியும் இல்லாத கச்சத்தீவு பற்றிய வாதத்தில் இன்று நம் பக்கத்தார் கைக்கொள்ளும் முதற் படைக்கலமாக விளங்குகின்றது. தீவு நம்முடையதாயிருந்து கொடுக்கப்பட்டதா, அல்லது யாருடையது என்று ஐயமாயிருந்த இடத்தில் எல்லை தெளிவிக்கப்பட்டதா என்பதே ஆங்கு வழக்கு. முன்னதாயின் பெருபாரிக் கருத்து பொருந்தும். பின்னதாயின் பொருந்துமோ என்பது ஐயத்துக்கிடம். மேடைகளிற் பேசுவோர் பெருபாரியின் பெயரைச் சொல்லுகின்றனர், இவ்வேறுபாட்டைச் சொல்லுவதில்லை. தீர்ப்பின் பெயர் மட்டும் துறை மாறி, அதன் காரணம் பழைய துறையிலேயே தங்கிவிடுமாயின், வாதம் ஆரவாரமாக முடியும்.

தூத்துக்குடியில் எழுந்த வழக்குகளுள் தமிழர் மறவாதது கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வழக்கு. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவிய அவரை, 1908 மார்ச்சில் அரசாங்கம் சிறைப்படுத்தியது. அவ்வாண்டு சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, அரசநிந்தனைக்கு ஓர் ஆயுளும், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றமைக்கு ஓர் ஆயுளுமாக இரட்டை ஆயுள் நாடுகடத்தல் விதித்தார். இலண்டனில் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபுவே அதன் கடுமையை ஏற்கவில்லை. உயர்நீதிமன்றம் தண்டனையைப் பெரிதும் குறைத்தது. 1912 இறுதியில் அவர் விடுதலையுற்றபோது கம்பெனி கலைந்திருந்தது. வக்கீல் தொழில் நடத்தும் சன்னதும் பறிபோயிருந்தது. குற்றத்துறையில் எழுந்த தீர்ப்பு வணிகத் துறையிலும் தொழிற்றுறையிலும் ஒரு மனிதனைத் துரத்திச் சென்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. சன்னதை மீளப் பெறுதற்கு உதவிய வாலேசு என்னும் ஆங்கில நீதிபதியின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என இட்டு அவர் நன்றி பாராட்டியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அரசநிந்தனைச் சட்டத்தின் வரலாறும் தீர்ப்புகளாலேயே நெய்யப்பட்டது. 1897இல் திலகர் வழக்கில், அரசின்பால் அன்பின்மையே வெறுப்பாகும் என்று பொருள் விரித்தனர். 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம், பொது அமைதிக்கு ஊறு விளையுங்காலன்றி இக்குற்றம் இல்லை என்று சுருக்கியது. 1947இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அச்சுருக்கத்தைத் தள்ளிவிட்டது. விடுதலைக்குப் பின் வினா குற்றத்துறையினின்று அரசியற் சட்டத்துறைக்குப் பெயர்ந்தது. பேச்சுரிமை பெற்ற குடியரசில் இச்சட்டம் நிற்குமா என்று வினவப்பட்டபோது, 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், நிற்கும், ஆனால் வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கே பொருந்தும் என்றது. 2022 மே மாதத்தில் அதே நீதிமன்றம் அச்சட்டப்பிரிவின்கீழ் நடவடிக்கை எடுப்பதை நிறுத்திவைத்தது. 2024 சூலை முதலாக நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைத் தொகுப்பில் அப்பெயர் இல்லை. நாட்டின் இறைமைக்கும் ஒருமைக்கும் எதிரான செயல் என்று வேறு பெயரில் 152ஆம் பிரிவு உள்ளது. பழைய தீர்ப்புகள் இப்புதிய பிரிவுக்கும் வேலியாகுமா என்பதே இனி நிகழப்போகும் வாதம். சட்டத்தின் பெயர் மாறினும் தீர்ப்பின் நெறி வாழுமா என்னும் இவ்வினா, சிதம்பரனார் பேசிய ஊரிலுள்ளார்க்கு வெறும் ஏட்டு வினாவன்று.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். தூத்துக்குடிச் செம்பாலையின் வழக்கு, தீர்ப்புகள் துறை மாறுதலுக்கு ஒரு முழுப் பாடமாக அமைந்தது. அதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1868இல் ஒருவன் தன் ஆலைக்குக் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து அயலானின் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், தீங்கு செய்யவல்ல பொருளைத் தன் நிலத்தில் தேக்கியவன் அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குப் பொறுப்பாவான் என்றனர் பிரபுக்கள் சபையார். ஆயினும் சில விலக்குகளை வைத்தனர். 1985இல் தில்லியில் ஓர் ஆலையினின்று நச்சுக்காற்றுக் கசிந்தபொழுது, நம் உச்சநீதிமன்றம் அந்நெறியை எடுத்து, விலக்குகளை நீக்கி, பொறுப்பு முழுமையானது என்றும், இழப்பீடு ஆலையின் அளவுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப இருத்தல் வேண்டும் என்றும் 1986 திசம்பரில் வகுத்தது. 1996இல் வேலூர்ப் பகுதித் தோற்பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நீர்நிலைகள் கெட்ட வழக்கில், கெடுத்தவன் கொடுக்கவேண்டும் என்பதும், கேடு உறுதிப்படுமுன்னரே காத்தல் வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என அறிவிக்கப்பட்டன.

இவையனைத்தும் 2013 ஏப்ரல் 2ஆம் நாள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஆலையை மூடுமாறு 2010இல் உயர்நீதிமன்றம் இட்ட ஆணையை உச்சநீதிமன்றம் நீக்கியது. ஆயினும் சூழலைக் கெடுத்தமைக்காக நூறு கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. அத்தொகையை அளவிட்டது எவ்வாறு? தில்லி வழக்கில் வகுத்த நெறிப்படி, நிறுவனத்தின் ஆற்றலை நோக்கியே. நீர்த்தேக்கத்துக்காக எழுந்த நெறி நச்சுக்காற்றுக்குச் சென்று, அங்கிருந்து செம்புக்கு வந்தது. பின்னர் 2018 மே 22ஆம் நாள் போராட்டத்தின்போது காவலர் சுட்டதில் பதின்மூவர் மாண்ட துயரமும், அதன்பின் அரசாங்கம் ஆலையை மூடியதும் யாவரும் அறிந்தவை. பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்கு இசைவாகக் கூறியதை 2019இல் உச்சநீதிமன்றம் நீக்கியபோது, அது புகையைப் பற்றிப் பேசவில்லை. அத்தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டா என்பதையே பேசியது. அதனால் தூத்துக்குடி வழக்கு இன்று தீர்ப்பாயங்களின் வரம்பு பற்றிய வாதங்களில் மேற்கோளாக நிற்கின்றது. மூடியது செல்லும் என்று உயர்நீதிமன்றம் 2020 ஆகத்தில் உரைத்தது. 2024 பெப்ரவரி 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளியது.

இவ்வரலாற்றினின்று யாம் கொள்ளும் கருத்து யாது? தீர்ப்புகள் துறை மாறுதலை யாம் வெறுக்கவில்லை, வரவேற்கின்றோம். தில்லியில் மூச்சுத் திணறியவர் பெற்ற நீதி தூத்துக்குடியிற் பயன்பட்டிராவிடின், ஒவ்வோர் ஊரும் தன் துயரை முதலினின்றே மெய்ப்பிக்கவேண்டியிருக்கும். ஏழைக்கு அதற்குப் பொருளும் இல்லை, காலமும் இல்லை. எனினும் இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும் என்கின்றோம். தீர்ப்பைக் கொணர்வோர் அதன் காரணத்தையும் உடன் கொணரவேண்டும் என்பது ஒன்று. கொண்டுவந்த துறையில் அத்தீர்ப்பு யாரைத் தாக்கும், அவர் முன்பு கேட்கப்பட்டனரா என்று வினவவேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவதை இக்கடற்கரையை வைத்தே விளக்குவோம். 1996இல் இமயச் சாரலில், பியாசு ஆற்றின் போக்கை ஒரு விடுதிக்காக மாற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் பொது நம்பகக் கொள்கை என்பதை நம் சட்டத்துட் கொணர்ந்தது. காற்றும் ஓடுநீரும் கடலும் கடற்கரையும் யாவர்க்கும் பொது என்பது பண்டை உரோமச் சட்டம். அரசு அவற்றுக்கு உடையவனன்று, காப்பாளனே என்பது அதிற் கிளைத்த கொள்கை. செம்பாலை வழக்கின் 2024ஆம் ஆண்டு முடிபிலும் இக்கொள்கை பேசப்பட்டது. இப்பொழுது இதனை 1904ஆம் ஆண்டுத் தீர்ப்போடு அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, கடலடிச் சங்கு சேதுபதியின் உடைமை என்கின்றது. மற்றொன்று, கடல் மக்களின் பொது. அரசு அறங்காவலனே என்கின்றது. சேதுபதியின் இடத்தில் இன்று அரசாங்கம் நிற்கின்றது. அது உடையவனாக நிற்கின்றதா, அறங்காவலனாக நிற்கின்றதா?

இவ்வினாவுக்கு விடை எளிதன்று. ஆங்கில ஆட்சியில் முத்துச் சலாபம் நிகழ்ந்த நாளில், மூழ்கி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே குளித்தவர்க்கு. இக்கரையிற் கடைசிச் சலாபம் 1961இல் நிகழ்ந்தது; அதன்பின் பார்களில் முத்துக்குளித்தல் இல்லை. சங்கு குளிப்போர் இன்றும் உளர். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. பவளத்தையும் கடற்புல்லையும் காத்தல் இன்றியமையாதது என்பதில் எமக்கு ஐயமில்லை. அவை அழியின் மீனும் அழியும், மீனவனும் அழிவான். ஆனால் நம்பகக் கொள்கை இக்கடலுக்கு வருங்கால், மீனவனை விலக்குதற்கு மட்டும் எடுத்தாளப்பட்டு, அவன் பிழைப்பைக் காத்தற்கு எடுத்தாளப்படாதாயின், அது பாதியே வந்ததாகும். அறங்காவலன் சொத்தைக் காப்பது பயன்கொள்வோர் பொருட்டு. பயன்கொள்வோருள் முதல்வன், அக்கடலில் மூச்சடக்கி மூழ்குபவன் அல்லனோ? ஆகவே நம்பகக் கொள்கை மீன்வளச் சட்டத்துள்ளும் முழுமையாகப் புகவேண்டும்; புகுங்கால் சங்கு வழக்கு மூடிய வினாவை மீண்டும் திறக்கவேண்டும் என்பது எம் துணிபு.

இதற்கு ஒரு முன்மாதிரியும் இல்லாமல் இல்லை. கடற்கரை இறாற்பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், வேலூர் வழக்கின் நெறிகளையே கைக்கொண்டு பண்ணைகளை நீக்கப் பணித்தது. ஆயினும் வழிவழி வந்த பழைய முறைப் பண்ணைகளை அது விலக்கி வைத்தது. வேலையிழக்கும் தொழிலாளர்க்கும் இழப்பீடு வகுத்தது. துறை மாறும் நெறி, புதிய துறையிலுள்ள எளியாரை நோக்கித் தன்னைத் தகவமைத்துக்கொண்டதற்கு இது சான்று. பின்னர் 2005இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றியற்றி அத்தீர்ப்பின் வலிமையைத் தளர்த்தியது என்பதும் உண்மையே. தீர்ப்பு வாதத்தை முடிப்பதில்லை, அதனைச் சட்டமன்றத்துக்கும் மக்களுக்கும் மாற்றித் தருகின்றது என்பது இதனால் விளங்கும்.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். சட்டம் கற்றார்க்கே உரியது. கல்லாதார் தீர்ப்பை ஆராயப் புகுதல் நீதியின் மதிப்பைக் குறைக்கும் என்பர் சிலர். நீதிபதியின் நேர்மையை ஐயுற்றுத் தூற்றுதல் வேறு. அவர் கூறிய காரணத்தை ஆராய்தல் வேறு. காரணம் கூறித் தீர்ப்பளிக்கும் கடமை நீதிமன்றத்துக்கு வைக்கப்பட்டதே அக்காரணம் ஆராயப்படுதற்பொருட்டன்றோ? பிறிதொரு தடையும் உண்டு. ஒவ்வொரு தீர்ப்பையும் புதிய துறையில் மீண்டும் ஆராயப் புகின் சட்டத்தின் உறுதி குலையும் என்பர். இத்தடைக்கு வலிமை உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. இன்று செல்லும் என்றது நாளை செல்லாதாயின் வணிகனும் தொழிலாளியும் எதனை நம்பி வாழ்வர்? ஆனால் யாம் வேண்டுவது பழைய தீர்ப்பை அதன் துறையிற் கலைப்பதன்று. அது பிறதுறை புகுமிடத்துச் சுங்கச்சாவடியில் நிறுத்திச் சரக்கைப் பார்ப்பதே. துறைமுக ஊரார்க்கு இது புதிய வழக்கன்று.

கேட்கப்படாதவன்மேல் தீர்ப்பு பாய்வதன் கொடுமையைத் தமிழிலக்கியம் நன்கு அறியும். சிலப்பதிகாரத்துக் கோவலன் கேட்கப்படாமலே கொலையுண்டான். கண்ணகியின் சிலம்பு மாணிக்கப் பரல் உடையது என்பதும், பாண்டிமாதேவியின் சிலம்பு முத்துப் பரல் உடையது என்பதும் நாம் அறிந்ததே. தேவியின் சிலம்பிலிருந்த முத்து, பாண்டியர்க்குரிய இக்கொற்கைக் கடலின் பெருமையை நினைவூட்டுகின்றது. ஆனால் அக்கதையின் பிற்பகுதியைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மதுரை எரிந்தபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்யக் கருதி, பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன், மாண்டவர் ஆயிரவர். ஒருவன் குற்றம் பற்றிய முடிபு, கேள்வியின்றி ஒரு தொழிலினர் அனைவர்மேலும் சென்று பாய்ந்தது. முதற்பிழைக்கு வருந்தி உயிர்விட்ட பாண்டியனைப் பாடுகின்றோம். இரண்டாம் பிழையில் மாண்ட ஆயிரவர்க்காக நீதி கேட்ட சிலம்பு ஒன்றும் இல்லை. தீர்ப்பு துறை மாறும்போது காவல் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய எச்சரிக்கை யாது?

இக்காவலைச் செய்யவேண்டியவர் வழக்கறிஞர் மட்டுமல்லர், மக்களே. மக்கள் செய்யவேண்டுமாயின் தீர்ப்பு அவர் மொழியில் இருத்தல் வேண்டும். உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பது அரசியற் சட்டத்தின் 348ஆம் உறுப்பு. தமிழையும் அங்கு ஏற்றவேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானித்தும் அது கைகூடவில்லை. அண்மையில் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழ் முதலிய மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருவது மகிழத்தக்கது. ஆயினும் இப்பணிக்கு வழிகாட்டியவர் நம்மவருள் ஒருவரே என்பதை நாம் மறந்துவிட்டோம். பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். நாவலைப் படைத்த கை தீர்ப்பையும் தமிழாக்கியது. அவரை நாவலாசிரியராகப் பயில்கின்றோம். இந்நூலையோ பாடத்திட்டம் பேசுவதில்லை.

தமிழ் பயிலும் மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. ஒரு பாட்டுக்குப் பழைய உரையும் புதிய உரையும் ஒப்பிட்டுக் காணும் பயிற்சி நமக்கு உண்டு. மேற்கோள் எவ்விடத்தினின்று வந்தது, அவ்விடத்தில் அதன் பொருள் யாது, இவ்விடத்துக்குப் பொருந்துமா என்று வினவுதல் நம் அன்றாடத் தொழில். அத்தொழிலே தீர்ப்புகளுக்கும் வேண்டுவது. ஆண்டுக்கு ஒரு தீர்ப்பையேனும், நம் ஊரைத் தொட்ட ஒன்றைத் தேர்ந்து, தெளிந்த தமிழிற் சுருக்கி, அது எத்துறையிற் பிறந்தது, எத்துறைகளுக்குச் சென்றது, செல்லும் வழியில் யாரைக் காத்தது, யாரை மறந்தது என எழுதி வைப்போமாக. முதற்கண் அந்தச் சங்கு வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். நூற்றிருபது ஆண்டுகளாக ஆங்கில ஏடுகளிற் பேசப்படும் அவ்வழக்கை, சங்கு எடுப்பவன் தன் தாய்மொழியிற் படித்து, இது என்னைப் பற்றியது, இதில் எனக்கும் ஒரு சொல் உண்டு என்று கூறும் நாள் வரவேண்டும். அந்நாளிலேதான் அத்தீர்ப்பு தான் புறப்பட்ட துறைக்குத் திரும்பி வந்ததாகும்.